நாற்பது பாகை வடக்கு

ஆட்டுக்கறிக்கும் இரண்டு ரொட்டிக்கும்
காசில்லாமல் நீ வைத்துவிட்டுப் போன புத்தகம்
மாவு மூட்டைக்குப் பின்னால் ஏழு மாதம் கிடந்தது.
சைக்கிள்காரனே,
முதல் தாளில் உன் பெயர் பாதிதான் இருக்கிறது.
மீதியை மழை வாசித்துவிட்டது.

கம்பளி கத்தரிக்க வந்த பதினோரு பேரும்
ஆளுக்கொருமுறை புரட்டினார்கள்.
எலியோதோரோ வாசலில் நின்று
படத்தையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து
"அச்சடித்தவன் குடிகாரன்" என்றான்.
மூன்று மரியாக்களுக்குக் கீழே தொங்கவேண்டிய வாள்
மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

காரணம் அட்டையின் உள்பக்கம், பொடி எழுத்தில்:
நாற்பது பாகை வடக்கிலிருந்து பார்ப்பவர்களுக்கு.
பத்தகோனியாவில் எங்கள் பண்ணை
நாற்பத்து மூன்று தெற்கு.

புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்தேன்.
வேடன் சரியாக வந்து
கொட்டகைக் கூரையில் தலைகுத்தி நின்றான்.
எழுத்துதான் கவிழ்ந்துவிட்டது.
அது எனக்கு ஒரு பொருட்டில்லை.
பதினான்கு வருடம்
மேஸ்திரி கூலிக்கணக்கு எழுதும் மேசைக்கு எதிர்ப்பக்கம்
காபி ஊற்றிக்கொண்டு நின்றவள் நான்.
நெலிதா அந்திமில் என்ற பெயருக்கு நேரே
ஏழு எப்போது ஒன்றாகிறது என்று
கவிழ்ந்தபடியே படிக்கத் தெரியும்.

டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டு என்கிறது புத்தகம்.
சிவப்புத் தாளுக்கு நூற்றிருபது கிலோமீட்டர் போகவேண்டும்.
தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய நகப்பூச்சு இருந்தது,
கண்ணாடியில் இரண்டு பூச்சு பூசினேன்.
கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாம்.
உருளைக்கிழங்கு வேகும் நேரம்.
காற்றில் பக்கத்தை எப்படிப் பிடிப்பதென்று மட்டும்
ஒரு வரி இல்லை.
இந்தக் காற்றை அவர்கள் பார்த்ததில்லை.
துணிக் கிளிப் நான்கு போட்டேன்.

மங்கலானதை நேராகப் பார்க்காதே,
சற்றுத் தள்ளிக் கண்ணை வை,
ஓரப் பார்வையில் தெரியும் என்று இருபத்தொன்பதாம் பக்கம்.
சிரித்துவிட்டேன்.
காபிக் கெட்டிலையே பார்த்தபடி
கணக்குப் புத்தகத்தைப் படித்தது வேறெப்படி?

துருவ நட்சத்திரத்துக்கு ஆறு பக்கம்.
எங்கள் வானத்தில் அது ஏறுவதே இல்லை.
அந்த ஓரங்களில் சர்க்கரை, ஈஸ்ட், மண்ணெண்ணெய் என்று
கடைக்குச் சொல்லவேண்டியதை எழுதிவைக்கிறேன்.
கோபித்துக்கொள்ளாதே.

உன் பென்சில் குறிகளின் பின்னாலேயே போகிறேன்.
கார்த்திகை: டிக், "ஏழு எண்ணினேன்".
(நான் ஒன்பது. உன் ஊரில் விளக்கு அதிகம்.)
ரோகிணி: டிக்.
திருவாதிரை: டிக், "சிவப்பா? ஆமாம்".
அறுபத்திரண்டில் கனோப்பஸுக்கு டிக் இல்லை.
"நம் அட்சரேகையில் தெரியாது" என்ற வரிக்கு அடியில்
இரண்டு கோடு, அப்புறம் ஒரு கேள்விக்குறி,
தாள் கிழியும்படி அழுத்தி.

அதற்காகவா வந்தாய்?
நீ இருந்த மூன்று இரவும் மேகம்.
நான்காம் நாள் கிளம்பினாய்,
அன்றிரவு துடைத்துவைத்த தட்டுபோல் இருந்தது வானம்.
அப்போது எனக்கு அதன் பெயர் தெரியாது.
தெரிந்திருந்தால்
இன்னொரு கரண்டி கறி போட்டு நிறுத்தியிருப்பேன்.

நவம்பர் ஒன்பது, அதிகாலை மூன்று.
மாவு பிசைந்த கையோடு வெளியே வந்தேன்.
புகைபோக்கிக்கு மேலே கனோப்பஸ்,
உப்புக்கல் கணக்காய்.
உன் கேள்விக்குறிக்குப் பக்கத்தில்
தேதியும் நேரமும் எழுதினேன்.
டிக் போடவில்லை. அது நீ போடவேண்டியது.

தெற்கே இரண்டு வெண்புகை.
மேகம் என்று நினைத்து உள்ளே போய்
ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன்.
எதையும் விட்டுவைக்காத காற்று
அவற்றைத் தொட்டதாகவே தெரியவில்லை.
கவிழ்த்தும் நிமிர்த்தியும் புத்தகம் முழுக்கத் தேடினேன்.
கடைசி வெற்றுத் தாளில் மட்டும்
இரண்டு மாவுக் கறை, ஒன்று பெரிது, ஒன்று சிறிது.
என் கட்டைவிரல்தான்.
ஊதிவிட வாயைக் குவித்தவள்
அப்படியே நின்றேன்.

ரொட்டியின் அடி கருகிப்போனது.
அதற்கு மேஸ்திரி எவ்வளவு பிடித்தான் என்பதை
சாயங்காலம்
கெட்டிலைப் பார்த்தபடி படித்துக்கொண்டேன்.